எழும்பி நின்ற கண்ணாடி

2008 ஆகஸ்ட் 26 அன்று கேனன் நிறுவனம் 50டி என்ற கேமராவை அறிவித்தது. 15 மெகாபிக்சல், நொடிக்கு ஆறு படம், மெக்னீசியக் கலவையில் வார்த்த உடல். லென்ஸ் இல்லாமல் விலை 1,399 டாலர். மறுநாள் நிக்கான் டி90-ஐ அறிவித்தது. 12 மெகாபிக்சல், நொடிக்கு நாலரைப் படம், பிளாஸ்டிக் உடல், 999 டாலர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் டி90 விலையில் மட்டும்தான் ஜெயிக்கும். ஆனால் நிக்கானின் அறிவிப்பில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: இந்தக் கேமரா வீடியோவும் எடுக்கும்.

அதுவரை எந்த டிஜிட்டல் எஸ்எல்ஆரும் வீடியோ எடுத்ததில்லை. பாக்கெட்டில் போடுகிற சின்னக் கேமராக்கள் எடுத்தன, செல்போன்கள் எடுத்தன, பெரிய கேமரா மட்டும் எடுக்கவில்லை. காரணம் அதன் வயிற்றுக்குள் இருந்த கண்ணாடி. லென்ஸ் வழியே வரும் வெளிச்சம் 45 பாகைச் சாய்வில் நிற்கும் கண்ணாடியில் பட்டு மேலே போகிறது, பென்டாப்ரிசத்தில் திரும்பிக் கண்ணுக்கு வருகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி படக்கென்று மேலே எழும்பும், வியூஃபைண்டர் இருண்டுபோகும், ஷட்டர் திறந்து மூடும், கண்ணாடி மறுபடி இறங்கும். எஸ்எல்ஆரை விரும்புகிறவர்கள் காதலோடு நினைவுகூரும் அந்த 'சளக்' ஓசையில் பாதி இந்தக் கண்ணாடியுடையது. வீடியோ எடுக்க வேண்டுமானால் கண்ணாடி எழும்பியபடியே நிற்க வேண்டும். டி90 அதைத்தான் செய்தது.

அந்தக் கேமராவின் நிறைகுறைகளைப் பேசுவதற்கு முன் அது நின்ற படிக்கட்டைப் பார்த்துவிடுவது நல்லது. டிஜிட்டல் எஸ்எல்ஆர் கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளையாகப் பிறந்தது. 1991இல் கோடாக், நிக்கான் எஃப்3 ஃபிலிம் கேமராவின் முதுகில் 1.3 மெகாபிக்சல் சென்சாரைப் பொருத்தி விற்றது. படங்களைச் சேமிக்கும் பெட்டி தனி, அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். செய்தி நிறுவனங்களால்தான் வாங்க முடிந்தது. 1999இல் நிக்கான் தானே முழுதாகச் செய்த டி1 வந்தது. 2.7 மெகாபிக்சல், ஐயாயிரம் டாலருக்கு மேல். 2000இல் கேனன் டி30 வந்தபோது விலை மூவாயிரம் டாலருக்கு இறங்கியது. 2002இல் ஆறு மெகாபிக்சல் நிக்கான் டி100 இரண்டாயிரத்துக்கு வந்தது. ஆண்டுக்கு ஆண்டு ஆயிரம் டாலர் குறைந்துகொண்டே வந்ததில், பத்திரிகைக்காரருக்கும் பொழுதுபோக்குக்காரருக்கும் நடுவே ஒரு புதுப் படி முளைத்தது. ஊர் ஸ்டுடியோக்காரர், கல்யாணம் எடுப்பவர், சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பறவை எடுக்கக் கிளம்பும் வங்கி ஊழியர் எல்லாரும் ஏறி நின்ற படி அது.

நடுப்படிக்கு ஒரு விசித்திர விதி உண்டு. அதன் குறைகள் பெரும்பாலும் தொழில்நுட்பம் எட்டாததால் வருவதில்லை. யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து எடுத்த முடிவால் வருகின்றன. மேல்படியில் இருக்கும் கேமராவை யாராவது வாங்க வேண்டாமா?

இதற்குப் பச்சையான உதாரணம் 2003இல் வந்த கேனன் 300டி. ஆயிரம் டாலருக்குள் கிடைத்த முதல் டிஜிட்டல் எஸ்எல்ஆர் என்று உலகமே கொண்டாடிய கேமரா. உள்ளே இருந்தது அதே ஆண்டு 1,499 டாலருக்கு விற்ற 10டி-யின் சென்சார். வெளியே வெள்ளி நிறப் பிளாஸ்டிக். ஃபிளாஷ் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி, 3200 ஐஎஸ்ஓ போன்றவை 300டி-யில் இல்லை என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். பிறகு ரஷ்யாவிலிருந்து ஒருவர் கேமராவின் உள்மென்பொருளைத் திருத்தி இணையத்தில் விட்டார். அதை ஏற்றியதும் இல்லாத வசதிகள் வந்து உட்கார்ந்துகொண்டன. அவை எங்கும் போயிருக்கவில்லை, பூட்டி வைக்கப்பட்டிருந்தன.

நிக்கான் 2004இல் டி70 கொண்டு பதில் சொன்னது. சுவிட்சைப் போட்ட மாத்திரத்தில் தயார், நொடியில் 500இல் ஒரு பங்கு வேகத்திலும் ஃபிளாஷ் ஒத்துழைக்கும், 999 டாலர். நல்ல வெயிலில் முகத்துக்கு ஃபிளாஷ் அடித்துப் படமெடுக்கிறவர்களுக்கு அந்த 500 ஒரு வரம். பின்னாளில் வந்த டி90 அதில் 200-ஓடு நின்றுவிட்டது என்பதைப் பழைய டி70-காரர்கள் இன்றும் சொல்லிக் காட்டுவார்கள். டி70-க்கும் சனி பிடித்தது. நெருக்கமான நெசவுள்ள துணியை எடுத்தால் இல்லாத வரிகள் அலையலையாகத் தெரியும். மெமரி கார்டுக்கான பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்க, சில கேமராக்கள் ஒருநாள் அப்படியே உயிர்விட்டன. 'மரணப் பச்சை விளக்கு' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். நிக்கான் குறையை ஒப்புக்கொண்டு, உத்தரவாதக் காலம் முடிந்தவற்றையும் இலவசமாகச் சரிசெய்து தந்தது. 2006இல் வந்த டி80, 10 மெகாபிக்சல், கைக்கு அடக்கம், நல்ல வியூஃபைண்டர். வெயிலும் நிழலும் கலந்த இடத்தில் மட்டும் படத்தை வெளுக்கடிக்கும். பழகியவர்கள் அளவை முக்கால் படி குறைத்து வைத்துக்கொண்டு காலம் தள்ளினார்கள்.

டி90 இந்தத் தம்பிகளின் தம்பி. அந்த வரிசையில் கையில் எடுத்ததும் பிடித்துப்போன கேமரா இதைப்போல இன்னொன்று இல்லை என்று சொல்வது மிகையாகாது. பேட்டரி இல்லாமல் 620 கிராம். முன்னே ஒரு சக்கரம், பின்னே ஒரு சக்கரம்; கட்டைவிரலில் ஷட்டர் வேகம், ஆள்காட்டி விரலில் அபெர்ச்சர். தலையில் ஒரு சின்னத் திரை, பின்னால் 9 லட்சத்து 20 ஆயிரம் புள்ளிகள் கொண்ட மூன்று அங்குலத் திரை. அந்தப் பின்திரையின் கூர்மை நிக்கானின் ஐயாயிரம் டாலர் டி3-இல் இருந்த அதே அளவு. சென்சார், ஓராண்டு முன் 1,799 டாலருக்கு வந்த டி300-இன் உறவுக்காரன். ஃபிலிம் காலத்தில் 800 ஐஎஸ்ஓ ரோல் என்றாலே மணல் தெளித்தாற்போல் இருக்கும். டி90-இல் 1600 வைத்து முகூர்த்த மேடையின் மங்கல் வெளிச்சத்தில் எடுத்த படத்தை ஆல்பம் போடலாம். ஃபிளாஷைக் கழற்றித் தூரத்தில் வைத்து, கேமராவில் இருக்கும் குட்டி ஃபிளாஷால் கட்டளையிட்டு எரிய வைக்கலாம். ஒரு பேட்டரி 850 படம் தாங்கும். அந்தப் பேட்டரியே டி80, டி200, டி300, டி700 ஆகியவற்றுக்கும் பொருந்தும் என்பதால், ஒரு கல்யாணத்தில் நாலு பேர் நாலு விதமான நிக்கானோடு நின்றாலும் சார்ஜர் ஒன்று போதும்.

விளம்பரத்தில் யாரும் பெரிதாகப் போடாத இன்னொரு நிறை, லென்ஸ் மாட்டும் வளையத்தின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கடுகளவு ஸ்குரூ முனை. நிக்கான் 1959இல் தன் எஃப் கேமராவுக்கு வைத்த லென்ஸ் வளையத்தையே இன்றுவரை எல்லா எஸ்எல்ஆர்களுக்கும் வைத்திருக்கிறது. பழைய ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. கேமராவின் மோட்டார் அந்த ஸ்குரூ வழியே சுழற்றினால்தான் ஃபோகஸ் ஆகும். 2006இல் டி40 வந்தபோது நிக்கான் கீழ்ப்படிக் கேமராக்களிலிருந்து அந்த மோட்டாரை எடுத்துவிட்டது. 50 எம்எம் எஃப் 1.8டி என்று ஒரு லென்ஸ் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைத்தது. டி40-இல் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். டி90-இல் மாட்டினால் 'கர்ர்' என்று சுழன்று பிடித்துக்கொள்ளும். பணம் எண்ணிச் செலவழிக்கிறவருக்கு டி90-ஐ வாங்க அந்த ஒரு காரணம் போதுமானதாக இருந்தது.

குறைகளும் அதே மேசையில் எழுதப்பட்டவையே. டி300-இல் 51 ஃபோகஸ் புள்ளிகள், டி90-இல் 11. அதிலும் நடுப்புள்ளி ஒன்றுதான் குறுக்கும் நெடுக்குமாகப் பார்க்கும் வலுவான வகை; மங்கல் வெளிச்சத்தில் ஓரப்புள்ளியை நம்பினால் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். வியூஃபைண்டர் படத்தின் 96 சதவீதத்தைத்தான் காட்டும், அதனால் கண்ணுக்குத் தெரியாத கரண்டுக் கம்பியும் பக்கத்து ஆளின் முழங்கையும் படத்தில் ஓரமாக வந்து நிற்கும். மழைக்கும் தூசிக்கும் தடுப்பு கிடையாது. சிப் இல்லாத பழைய கைஃபோகஸ் லென்ஸை மாட்டினால் வெளிச்ச மீட்டர் வேலை செய்யாது. ரா கோப்பில் விடாமல் அழுத்தினால் சீக்கிரமே மூச்சு வாங்கும். பறவையும் விளையாட்டும் எடுப்பவர்கள் இதனாலேயே கடன் வாங்கியாவது ஒரு படி மேலே ஏறினார்கள். நிக்கான் விரும்பியதும் அதுதான்.

இனி வீடியோ. 1280-க்கு 720 புள்ளி, நொடிக்கு 24 சட்டகம், ஒரு ஷாட் ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாது. ஒற்றைக் காது மைக். வெளி மைக் செருகத் துளையே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது ஆட்டோஃபோகஸ் கிடையாது. ஷட்டர் வேகத்தையும் ஐஎஸ்ஓ-வையும் கேமராவே முடிவு செய்யும். வெளிச்சத்தைப் பூட்டி வைக்க ஒரு பொத்தான் உண்டு, அவ்வளவுதான். சென்சார் காட்சியை மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை வரிவரியாக, மெதுவாகப் படித்ததால், கேமராவைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பினால் தந்திக் கம்பங்கள் சாய்ந்துவிடும். நடந்துகொண்டே எடுத்தால் கட்டடங்கள் தட்டில் வைத்த அல்வாபோல் ஆடும். டியூப்லைட் வெளிச்சத்தில் கோடு கோடாக ஓடும். அரைக்கிணறு தாண்டிய வசதி என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆனாலும் அதைப் பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள். அன்றைய வீடியோ கேமராக்களின் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதில் முகமும் தெளிவாக இருக்கும், பின்னால் இருக்கும் காலண்டரும் தெளிவாக இருக்கும், கல்யாண வீடியோ கல்யாண வீடியோவாகவே இருக்கும். டி90-இன் சென்சார் ஏறக்குறைய 24-க்கு 16 மில்லிமீட்டர். சினிமா ஃபிலிமின் சட்டக அளவுக்கு மிக அருகில். எஃப் 1.8 லென்ஸை மாட்டி எடுத்தால் முகம் மட்டும் நிற்க, பின்னணி வெண்ணெயாக உருகும். அந்தத் தோற்றத்துக்காகச் சுயாதீனப் பட ஆர்வலர்கள் அதுவரை வீடியோ கேமராவின் மூக்கில் கண்ணாடித் தகடு வைத்த குழாயைப் பொருத்தி, அதன் முனையில் ஸ்டில் லென்ஸை மாட்டி மல்லாடிக்கொண்டிருந்தார்கள். 2007இல் வந்த ரெட் ஒன் கேமராவின் உடல் மட்டும் 17,500 டாலர். இங்கே 999-க்குக் கிடைத்தது. அல்வா ஆடினால் ஆடட்டும், முக்காலியில் வைத்துத் திருப்பாமல் எடுத்தால் போயிற்று. அபெர்ச்சரைத் தங்கள் கட்டுப்பாட்டில் வைக்க நினைத்தவர்கள், லென்ஸிலேயே அபெர்ச்சர் வளையம் உள்ள பழைய நிக்கான் லென்ஸ்களைத் தேடிப் பிடித்தார்கள். மீட்டர் வேலை செய்யாது என்று குறையாகச் சொல்லப்பட்ட அதே லென்ஸ்கள் வீடியோவில் கைகொடுத்தன.

மூத்தது மோழை, இளையது காளை என்பார்கள். அன்று நிக்கானின் தலைமைக் கேமராக்களான டி3-இலும் டி700-இலும் வீடியோ கிடையாது. டி300-இலும் இல்லை, ஓராண்டு கழித்து டி300எஸ் ஆக மறுபிறவி எடுத்தபோதுதான் வந்தது. பரிசோதனையைக் கீழ்ப்படியில் செய்து பார்ப்பது நிறுவனங்களுக்கு வழக்கம்; கெட்டால் பெயர் அதிகம் கெடாது. நிக்கானுக்கு இன்னொரு சுதந்திரமும் இருந்தது. கேனனும் சோனியும் பானாசோனிக்கும் வீடியோ கேமராக்களை விற்று வாழ்ந்த வீடுகள். ஸ்டில் கேமராவில் வீடியோவைத் தாராளமாகக் கொடுத்தால் தங்கள் இன்னொரு கடையே படுத்துவிடும். இழக்க ஒரு வீடியோ கடை இல்லாததால்தான் நிக்கான் முதலில் துணிந்தது என்றே தோன்றுகிறது.

அப்படியானால் ஒருநாள் முன்னால் வந்த கேனன் 50டி? அதால் வீடியோ எடுக்கவே முடியாதா? சில ஆண்டுகளில் விடை வந்தது. 2009இல் தொடங்கிய மேஜிக் லேண்டர்ன் என்ற திறந்த மென்பொருளை ஏற்றியதும் 50டி வீடியோ எடுத்தது, அதுவும் முழு எச்டி-யில். உள்ளே மைக்கே பொருத்தப்படாததால் ஒலி மட்டும் வரவில்லை. மெக்னீசிய உடலும் கூடுதல் மெகாபிக்சலும் வைத்திருந்த கேமராவுக்குள் அந்தத் திறமை முதல் நாளிலிருந்து தூங்கிக்கொண்டிருந்தது. 300டி கதை இன்னொரு முறை.

கேனன் சும்மா இருக்கவில்லை. மூன்றே வாரத்தில், செப்டம்பர் 17 அன்று, 5டி மார்க் 2 அறிவிப்பு வந்தது. ஸ்டில் ஃபிலிம் அளவுச் சென்சார், 21 மெகாபிக்சல், 1080 வீடியோ, 2,699 டாலர். டி90-இன் 'முதல்' என்ற பட்டம் அதன்பின் வினாடி வினாவுக்கு மட்டும் பயன்பட்டது. 'ஹவுஸ்' தொலைக்காட்சித் தொடரின் ஆறாம் பருவ இறுதிப் பகுதி 2010இல் முழுக்க 5டி மார்க் 2-இல் எடுக்கப்பட்டது. 2009 செப்டம்பரில் வந்த கேனன் 7டி-யில் 24, 25, 30 என்று சட்டக வேகத்தைத் தேர்ந்துகொள்ளலாம், எல்லாவற்றையும் கையால் அமைக்கலாம். மலையாளத்தில் 'சாப்பா குரிசு' (2011), தமிழில் பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' (2012) ஆகியவை அந்த 7டி-யில் எடுக்கப்பட்டவை. பின்னதற்கு ஒளிப்பதிவு விஜய் மில்டன். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. சாலையோரத்தில் சினிமா கேமராவை வைத்தால் கூட்டம் கூடிவிடும். ஸ்டில் கேமராவை வைத்தால் யாரோ படம் பிடிக்கிறார்கள் என்று ஜனம் தன் பாட்டுக்குப் போகும். சின்ன உடலின் அந்த லாபம் எந்தக் கையேட்டிலும் அச்சிடப்படாதது. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' குறும்பட அலை எழுந்ததும் இதே ஆண்டுகளில்தான்.

2010இல் நிக்கான் டி7000 கொண்டு டி90-இன் குறைகளை வரிசையாகத் துடைத்தது. 39 ஃபோகஸ் புள்ளி, 100 சதவீத வியூஃபைண்டர், இரண்டு எஸ்டி கார்டு, பழைய லென்ஸுக்கும் மீட்டர், வெளி மைக்குக்குத் துளை, 1080 வீடியோ. நடுப்படி அதற்கு முன் இவ்வளவு உயர்ந்ததில்லை. கேனன் அதே ஆண்டு நேரெதிர்த் திசையில் போனது. 60டி-யில் மெக்னீசியம் போய்ப் பிளாஸ்டிக் வந்தது, லென்ஸுக்கு லென்ஸ் ஃபோகஸைத் திருத்தும் வசதி எடுக்கப்பட்டது. 50டி வைத்திருந்தவர்கள் திட்டித் தீர்த்தார்கள். 2013இல் 70டி-யில் அந்த வசதி திரும்பி வந்தது, கூடவே வேறொன்றும் வந்தது.

அந்த வேறொன்றுக்குப் போகுமுன் ஒரு வெள்ளம். டி90, டி7000 உள்ளிட்ட நிக்கானின் நடுப்படிக் கேமராக்கள் தாய்லாந்தின் அயுத்தயாவில் ரோஜனா தொழிற்பேட்டையில் தயாராயின. 2011 அக்டோபரில் சாவோ பிரயா ஆற்று வெள்ளம் பேட்டைக்குள் புகுந்து ஆலையின் தரைத்தளம் மூழ்கியது. உற்பத்தி நின்றது, 2012 ஜனவரியில்தான் மெல்லத் திரும்பத் தொடங்கியது. பக்கத்தில் சோனியின் ஆலைக்கும் அதே கதி. ஜப்பானில் செண்டாய் ஆலையில் உருவான விலையுயர்ந்த நிக்கான்களைத்தான் முன்பு 'அசல்' என்று சிலர் பீற்றிக்கொள்வார்கள். அந்தச் செண்டாய் உற்பத்தியும் பின்னாளில் தாய்லாந்துக்கே போனது.

கேனன் 70டி-யில் வந்த புதுமை இது: சென்சாரின் ஒவ்வொரு பிக்சலையும் இரு பாதியாகப் பிரித்து, இரண்டும் பார்ப்பதை ஒப்பிட்டு ஃபோகஸ் பிடிப்பது. எஸ்எல்ஆரில் ஃபோகஸ் பிடிக்கும் உணரி கண்ணாடிக்குக் கீழே இருக்கும். கண்ணாடி எழும்பியதும் அதற்குக் கண் தெரியாது. டி90 வீடியோவில் ஃபோகஸ் இல்லாமல் தவித்ததற்கு அதுவே காரணம். சென்சாரே வேகமாக ஃபோகஸ் பிடிக்கும் என்றால், பின்திரையிலேயே காட்சி தெரியும் என்றால், கண்ணாடி எதற்கு? இந்தக் கேள்வியை வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்பே ஒரு நிறுவனம் கேட்டிருந்தது. டி90 அறிவிப்புக்குப் பதினாறு நாள் கழித்து, 2008 செப்டம்பர் 12 அன்று, பானாசோனிக் ஜி1 என்ற கேமராவை அறிவித்தது. லென்ஸ் மாற்றலாம், வியூஃபைண்டருக்குள் மின்திரை, கண்ணாடி இல்லை. வேடிக்கை, அதில் வீடியோ கிடையாது. அப்போது யாரும் அதை எஸ்எல்ஆரின் எமன் என்று கணிக்கவில்லை. பெண்களுக்கான வண்ணக் கேமரா என்று சிரித்தவர்கள் உண்டு.

எஸ்எல்ஆரின் பொற்காலம் அதற்குப் பிறகும் சில ஆண்டு நீடித்தது. 2012இல் உலகெங்கும் ஏறத்தாழ 1.6 கோடி எஸ்எல்ஆர்கள் ஆலைகளிலிருந்து வெளியேறின. பிறகு இறக்கம். ஒரு பக்கம் செல்போன், இன்னொரு பக்கம் கண்ணாடியில்லாக் கேமரா. 2020இல் கண்ணாடியில்லாக் கேமராக்கள் எண்ணிக்கையில் எஸ்எல்ஆரை முந்தின. நடுப்படியில் கேனனின் கடைசி வாரிசு 2019இல் வந்த 90டி. நிக்கானின் கடைசி வாரிசான டி7500, 2017இல் வந்தபோது, அதற்கு முந்தைய டி7200-இல் இருந்த இரண்டாவது கார்டு இடத்தையும் பழைய லென்ஸுக்கான மீட்டர் நெம்புகோலையும் காணோம். எடுத்துவிட்டார்கள். படிக்கட்டே சரிந்துகொண்டிருந்த நாளிலும் மேல்படிக்குக் காவல் போடும் பழக்கம் போகவில்லை.

டி90 இன்றும் பழைய கேமரா விற்கும் கடைகளின் கண்ணாடி அலமாரியில் கிடைக்கிறது. விவரம் தெரிந்தவர் மெகாபிக்சலைக் கேட்பதில்லை. கட்டைவிரல் பக்கத்து ரப்பர் ஊதி உரிந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். ஷட்டர் கவுன்ட் எவ்வளவு என்பார். ஒரு லட்சம் அழுத்தலுக்குச் சோதித்த ஷட்டர் அது. வீடியோவை அவர் ஓட்டிப் பார்ப்பதே இல்லை. பையிலிருந்து ஒரு 50 எம்எம் 1.8டி-யை எடுத்து மாட்டுவார், பொத்தானைப் பாதி அழுத்துவார், ஸ்குரூ சுழலும் ஓசை வருகிறதா என்று காதைக் கொடுப்பார். வந்தால் பேரம் தொடங்கும்.